வரைபடத்தில் மேற்குத் தெரு

எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு வந்த வாரத்தில், யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொன்ன ஓர் உலக வரைபடத்தை இணையத்தில் பார்த்தேன். திண்டுக்கல்லைத் தேடினேன். ஒரு புள்ளி இருந்தது. அதன் வழியாக நெடுஞ்சாலை ஒரு கோடாகவும் ரயில் பாதை இன்னொரு கோடாகவும் போயின. அவ்வளவுதான். மலைக்கோட்டை இல்லை, பேருந்து நிலையம் இல்லை, நான் பிறந்து வளர்ந்த தெரு இல்லை. எழுதாத தாள் மாதிரி கிடந்தது ஊர்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. எழுதாத தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காத பிழைப்பு என்னுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலிடெக்னிக் முடித்த கையோடு ஒரு கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் படம் வரையச் சேர்ந்தேன். சாய்வு மேசை, ட்ரேசிங் தாள், மைப் பேனா. கோடு தப்பினால் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி வரைய வேண்டும். பிறகு அந்த மேசையைத் தூக்கிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வைத்தார்கள். நானும் மாறிக்கொண்டேன். ஆயிரம் பேருக்கு வீடு வரைந்திருப்பேன். எல்லாம் யாரோ கேட்டு வரைந்தவை. யாரும் கேட்காமல் நானாக வரைய உட்கார்ந்தது அந்த இணைய வரைபடத்தில்தான்.

என் கணவர் பம்புசெட் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தாடிக்கொம்பு, எரியோடு, செம்பட்டி என்று சமவெளி முழுவதும் அவருக்குப் பழக்கம். எந்த ஊரில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பது வரை தெரியும். வளைகுடாவில் வேலை பார்த்த என் தம்பி, ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். செல்போன் அளவுதான் இருக்கும். கையில் பிடித்துக்கொண்டு போனால் போன வழியெல்லாம் பதிவாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் பைக்கில் கிளம்பிவிடுவோம். அவர் ஓட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு கையில் கருவியையும் மடியில் நோட்டையும் வைத்துக்கொண்டு, கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பாலம் என்று குறித்துக்கொண்டே வருவேன். குழந்தை இல்லாத வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமானவை. அந்த வருடம் அவை போதாமல் போயின.

கோடு போடுவது சுலபம். அந்தக் கோடு என்ன என்று சொல்வதுதான் பாடு. வரைபடத்தில் எதை வரைந்தாலும் அதற்கு ஓர் அடையாளச் சொல் ஒட்ட வேண்டும். டேக் என்பார்கள். அந்தச் சொற்களின் பட்டியலை வேறு ஏதோ தேசத்தில், வேறு மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் எழுதியிருந்தார்கள். அதில் ஏரி இருந்தது, குட்டை இருந்தது. பத்து மாதம் காய்ந்து கிடந்து, அதில் பாதியில் கம்பு விதைத்து, மீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் கண்மாய் இல்லை. தேர் நிறுத்தும் தேர்முட்டி இல்லை. மந்தை இல்லை.

"மந்தைக்கு என்னங்க போடலாம்?" என்று கேட்பேன்.

"எந்த மந்தை? மாடு நிக்கிற மந்தையா, பஞ்சாயத்துப் பேசுற மந்தையா?"

"ரெண்டும் ஒரே எடந்தானே?"

"காலைல மாட்டுக்குப் போடு, சாயங்காலம் மாத்திக்க."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். வெஞ்சனம் ஆறிப்போகும்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். ஜெர்மனியில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என்ன காரணமோ, எங்கள் பக்கத்து ரயில் பாதைகளைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். நான் வரையத் தொடங்கியதும் எனக்கு எழுதினார். இந்த வரைபடத்தின் முதல் விதியை அவர்தான் எனக்குச் சொன்னார். தரையில் இருப்பதை மட்டும் வரை. உன் ஆசையை வரையாதே, அரசாங்கத் தாளில் இருப்பதை வரையாதே, பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் இல்லாத சாலையைக்கூட மனைப் பிரிவுப் படத்தில் வரையச் சொல்வார்கள்.

எரியோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊருக்கு மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தார்ச்சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் இன்னொரு பாதை பிரிந்தது. அதன் முனையில் பலகை. அதில் ஒரு சாதியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் காலனி என்று எழுதியிருந்தது. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு, பலகையைப் புகைப்படமும் எடுத்தேன். உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றினோம். நாற்பது வீடு இருக்கும். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓர் அங்கன்வாடி, சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில். ஊருக்கும் இதற்கும் நடுவே ஒரு சோளக்காடு.

வீட்டுக்கு வந்து வரைந்தேன். நடுவில் காடு இருக்கிறதே, ஆகவே தனிச் சிற்றூர் என்று முடிவு செய்தேன். அதற்குப் பட்டியலில் ஹேம்லெட் என்று ஒரு சொல் இருந்தது. புள்ளி வைத்து, பலகையில் இருந்த பெயரை ஒரு எழுத்து விடாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்தேன். நிறைவாக இருந்தது. ஜெர்மன்காரர் பாராட்டி எழுதினார்.

ஒரு மாதம் கழித்து, அந்த ஊருக்குள் இருக்கும் தெருக்களின் பெயர்களைக் கேட்டு எழுதுவதற்காக மறுபடி போனோம். வரைந்ததை ஏ-ஃபோர் தாளில் அச்செடுத்து எடுத்துப் போயிருந்தேன். காலனிக்குப் பிரியும் பாதைக்கு நேராக வந்தபோது பைக் பஞ்சராகிவிட்டது. என் கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போனார். வெயில் ஏறிவிட்டது. நான் காலனியின் முதல் வீட்டில் தண்ணீர் கேட்டேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். நூல் மில்லில் ஷிப்டு வேலை, அன்று வார விடுமுறை என்றாள். கையில் என்ன என்று கேட்டாள். நான் பெருமையாக விரித்துக் காட்டினேன்.

"இது எரியோட்டு ரோடு. இது உங்க ஊரு. இந்தா இருக்கு பாருங்க, தண்ணித் தொட்டி, அங்கன்வாடி. இன்டர்நெட்டுல இத ஊரு உலகமே பாக்கும்."

"அட, எங்க மாரியாத்தா கோயிலு!" என்று குனிந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, விரலைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தாள். பெயர் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இத நீங்களா எழுதுனீகக்கா?"

"ஆமா. ரோட்டுல பலகை இருக்குல்ல, அதப் பாத்து."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். கோபமாகத் தெரியவில்லை. பிறகு சொன்னாள்.

"பலகைய ரோட்டுல போறவுக பாப்பாக. இத ஊரு உலகமே பாக்கும்னீக."

குடித்துக்கொண்டிருந்த சொம்பை இறக்கினேன்.

"மில்லுல புதுசா யாராச்சும் சேந்தா எந்த ஊருன்னு கேப்பாக. ஊரச் சொன்னா, ஊருல எங்கனம்பாக. அம்புட்டுத்தேன், அதுக்கு மேல நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க என்னடான்னா அச்சடிச்சுக் கொண்டாந்திருக்கீக."

மன்னிப்புக் கேட்டேன். அவள், "நீங்க என்ன செய்வீக, இருக்கறதத்தானே எழுதுனீக" என்று சொம்பை வாங்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட இலேசாக இருந்திருக்கும். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும் வழியில் கணவரிடம் சொன்னேன். தாடிக்கொம்பு தாண்டியதும் கழுத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"ஏம்மா, நீ பொறந்த தெருவுக்கு என்ன பேரு போட்ட?"

திண்டுக்கல்லில் நான் பிறந்த தெருவின் பெயரிலும் ஒரு சாதி இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நகராட்சி ஆட்கள் வந்து அந்தச் சொல்லின் மேல் தார் பூசிவிட்டுப் போனார்கள். ஆனால் கல்யாணப் பத்திரிகைகளில் முழுப் பெயரும் வந்துகொண்டுதான் இருந்தது. என் அப்பா இன்று வரை முழுசாகத்தான் சொல்கிறார். அது மேலே இருக்கிற சாதி, சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம். வரைபடத்தில் நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. எழுத வேண்டுமா என்று யோசிக்கக்கூட இல்லை.

"பலகையில இல்லாதத எழுதல" என்றேன்.

"அங்க தார் பூச ஆளு வந்துச்சு. இந்தப் பலகைக்கு வரல. அம்புட்டுதானே வித்தியாசம்?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தப் பெயரை அழித்தேன். புள்ளி பெயரில்லாமல் நின்றது.

மறுநாளே ஜெர்மன்காரரின் மின்னஞ்சல் வந்தது. ஏன் அழித்தீர்கள்? நீங்களே போட்ட புகைப்படத்தில் பலகை தெளிவாகத் தெரிகிறதே? மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவருக்கு விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். சிமெண்ட், கம்பி பற்றி எழுதிப் பழகியது. ஒரு பெயர் எப்படி ஒருத்தியின் வாயை அடைக்கும் என்று அதில் எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார். எனக்குப் புரிகிறது, ஆனால் பெயரே இல்லாமல் விட்டால் அவர்கள் இல்லாதது போல் ஆகிவிடாதா, அவர்கள் தங்கள் இடத்தை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா என்று எழுதியிருந்தார்.

கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். மில் பெண் அக்கம்பக்கத்தில் சத்தம் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டேன். என் கணவர் பைக் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எல்லாரும் இந்த எடத்துக்கு என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"வீடும்போம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு சூடு பிடித்தது. தலைவர் ஒருவர் பெயரை வைக்க வேண்டும் என்றார் ஒருவர். அந்தக் கட்சிக்காரர் பெயர் வேண்டாம் என்றார் இன்னொருவர். பூப் பெயராக வைக்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். எந்தப் பூ என்பதில் அரை மணி நேரம் போனது. மில் பெண் என் மடியில் இருந்த தாளை எடுத்து, ஊர் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஊருக்குள்ள தெருப் பேரெல்லாம் எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்குத் தெரு."

"மேக்குத் தெரு?"

"அப்படி ஒண்ணு இல்லயே."

"எப்பிடி இல்லாமப் போகும்? மூணு தெசைக்கும் தெரு இருக்கு, மேக்க மட்டும் இல்லயா?" என்று தலையை நிமிர்த்தினாள். "ஊருக்கு மேக்க யாரு இருக்கா? நாமதேன் இருக்கோம்."

அந்தச் சொல்லை ஒவ்வொருவரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தது தெரிந்தது. மேக்குத் தெரு. பூப் பெயர் கேட்ட பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் ஒரு பெரியவர், "ஏலே, இம்புட்டு நாளா இது எங்க இருந்துச்சு?" என்று சொல்லித் தொடையைத் தட்டினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே விதியும் ஞாபகம் வந்தது. "ஒரு சிக்கல் இருக்கு. பேரு தரையில இருக்கணும். பலகை இருந்தாத்தான் நான் எழுதலாம்."

"பலகைதானே? வச்சுட்டாப் போச்சு" என்றாள் அவள்.

அதற்கடுத்த வாரம் நாங்கள் போனபோது, ஒரு தகரத்தை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். எழுத்து மட்டும் என்னை எழுதச் சொன்னார்கள். ட்ரேசிங் தாளில் பழகிய கை. பென்சிலால் இரண்டு கோடு போட்டு, நடுவில் கறுப்பு மையில் எழுதினேன். மே, ற், கு, த், தெ, ரு. பின்னால் ஐந்தாறு பேர் நின்று மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஊர் பஞ்சாயத்தின் வார்டு உறுப்பினரிடம் மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பலகையை நட்ட அன்று ஊருக்குள்ளிருந்து டீக்கடைக்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேக்குத் தெருன்னா அது ஊருக்குள்ளல்ல வரும்?" என்றார்.

"நாங்க எப்பவும் ஊருக்குள்ளதாண்ணே இருக்கோம். ஓட்டு லிஸ்டப் பாருங்க" என்றாள் மில் பெண். கடப்பாரையை நிறுத்தாமல்தான் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். "நீங்களும் இதுல இருக்கீகளா?" என்று கேட்டார். இவர், "குழி ஆழம் பத்துமாண்ணே, நீங்க சொல்லுங்க" என்றார். டீக்கடைக்காரர் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு தரம் பலகை ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. யாரோ வளைத்திருந்தார்கள், யாரென்று தெரியவில்லை. தெருக்காரர்கள் நிமிர்த்தி, காலில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பிறகு யாரும் தொடவில்லை. பழைய பலகை போவதற்குத்தான் நாளானது. அவள் நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு மூன்று மனு எழுதினாள்.

வரைபடத்தில் நான் செய்தது சின்ன வேலை. சிற்றூர் என்று வைத்த புள்ளியை நீக்கினேன். தார்ச்சாலையிலிருந்து உள்ளே போகும் கோட்டை மற்ற மூன்று தெருக்களைப் போலவே குடியிருப்புத் தெரு என்று குறித்தேன். அதன் மேல் மேற்குத் தெரு என்று எழுதினேன். இப்போது ஒரே ஊர், நான்கு தெரு. நடுவில் சோளக்காடு. காடு இருந்தால் என்ன?

ஜெர்மன்காரருக்கு உண்மையை எழுதிவிட்டேன். பலகை புதியது, அதில் எழுத்து என்னுடையது, இது விதிக்கு ஒத்து வருமா என்று கேட்டேன். நட்டவர்கள் அங்கே வாழ்கிறவர்கள்தானே, தூரிகை யாருடையது என்று எந்த விதியும் கேட்பதில்லை என்று பதில் வந்தது. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். பழைய பெயர் என்று ஒரு தனி டேக் உண்டு. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்கும். அதில் அந்தப் பெயரைப் போட்டு வைக்கலாமா? பழைய முகவரியோடு தேடி வருபவர்களுக்கு உதவுமே.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானாக முடிவு செய்யாமல் மில் பெண்ணிடம் போனில் கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாதுங்கறீக. ஆனா உள்ள இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வேணாம்க்கா. தேடி வாரவுக வழியில கேட்டுட்டு வரட்டும்."

அதையே மொழிபெயர்த்து அனுப்பினேன். அவர் சரி என்று ஒற்றைச் சொல்லில் எழுதினார். சில மாதங்களுக்குப் பின் முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டினார். நான் பார்ப்பதற்கு முன்பே ஜெர்மன்காரர் எடுத்துவிட்டு, காரணம் என்ற இடத்தில், அங்கே வசிப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று குறித்திருந்தார். அவரை நான் கடைசி வரை நேரில் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வருடா வருடம் வரும்.

மில் வேன் முன்பெல்லாம் ஊர் முக்கில்தான் நிற்குமாம். பலகை வந்த பிறகு, மேற்குத் தெருப் பெண்கள் நான்கு பேர் டிரைவரிடம் சொல்லி, பலகைக்குக் கீழேயே ஏறிக்கொள்ளப் பேசி வைத்தார்கள். டிரைவர் சத்தம் போட்டு, "மேக்குத் தெரு எறங்கு" என்பாராம். அவள் இதை என்னிடம் போனில் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் குரலிலேயே சொன்னாள்.

அடுத்த வருடம் ஒரு மதியம், நான் அலுவலகத்தில் யாருடைய மாடிப்படியையோ வரைந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் மின்விசிறிச் சத்தமும் பலர் பேசும் சத்தமும் கேட்டன.

"அக்கா, வேடசந்தூர்ல பிரவுசிங் சென்டர்ல இருக்கேன். நீங்க சொன்ன மாதிரி பேரு குடுத்து உள்ள போயிட்டேன். எங்க தெரு அடிபம்ப வச்சுட்டேன்."

"நெசமாவா?"

"ஆமா. பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருக்கேன்ல. ஆனா இங்க குடிதண்ணின்னு ஒண்ணு இருக்கு, கெணறுன்னு ஒண்ணு இருக்கு. நம்ம பம்புத் தண்ணி உப்புக்கா. பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. குடிதண்ணின்னு போட்டா வாரவுக குடிச்சுப் பாத்துட்டு என்னயத் திட்டுவாக. இதுக்கு என்ன போடணும்?"

மாடிப்படியை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

"செத்த இரு, ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்" என்றேன்.